மேலவையின் கடிகாரம்

உங்கள் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் யார் என்று கேட்டால் பெரும்பாலோர் சொல்லிவிடுவீர்கள். ஜொகூரில் 56 பேர் இருக்கிறார்கள். பேர் ஞாபகம் வராவிட்டாலும் கோயில் திருவிழாவில் பார்த்த முகமாவது நினைவுக்கு வரும். நாடாளுமன்ற உறுப்பினரைக் கேட்டாலும் அப்படித்தான். மாநிலத்துக்கு 26 பேர். ஆனால் ஜொகூர் சட்டமன்றம் தேர்ந்தெடுத்து மேலவைக்கு அனுப்பிய இரண்டு செனட்டர்கள் யார்? கடந்த சில வாரங்களில் மாசாய், ஸ்கூடாய், குளுவாங் என்று பேசக் கிடைத்தவர்களிடம் எல்லாம் இந்தக் கேள்வியைப் போட்டுப் பார்த்தேன். படித்தவர்கள், வழக்கறிஞர்கள்கூட உண்டு. ஒருவராவது இரண்டு பெயரையும் சொல்லவில்லை. "அது ஆறுதல் பரிசுதானே சார்" என்பதே பலரின் பதில்.

அந்தப் பதிலில் கொஞ்சம் உண்மையும் உண்டு. தேர்தலில் நிற்காதவரோ தோற்றவரோ அமைச்சராக வேண்டுமானால் டேவான் நெகாரா என்னும் மேலவை வழியாகத்தான் உள்ளே வர வேண்டும். தெங்கு சஃப்ருல் நிதியமைச்சரானது அந்த வழியில்தான். 2022 பொதுத் தேர்தலுக்குப் பிறகு சரஸ்வதி கந்தசாமி துணையமைச்சரானதும் அந்த வழியில்தான். வாசல் ஒன்றுதான், அதில் நுழைபவர் என்ன செய்கிறார் என்பதுதான் வேறுபடும். ஆதி நாகப்பனும் செனட்டராகத்தான் இருந்தார். ஊராட்சி மன்றங்களைப் பற்றி ஆராய 1965-இல் அமைக்கப்பட்ட அரச விசாரணை ஆணையத்துக்குத் தலைமை தாங்கினார். அந்த அறிக்கை 1968-இல் முடிந்தது. ஊராட்சித் தேர்தலைத் திரும்பக் கொண்டுவரலாம் என்ற பரிந்துரையை அரசாங்கம் ஏற்கவில்லை. ஆனாலும் இன்றுவரை நகராண்மைக் கழகத் தேர்தல் பேச்சு எழும்போதெல்லாம் அந்த அறிக்கையைத்தான் எடுத்து வைக்கிறார்கள். அவர் துணைவியார் ஜானகி ஆதி நாகப்பனும் பின்னாளில் செனட்டரானார். ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி ஏந்தியவர்.

சரி, மேலவைக்கு அதிகாரம் என்ன இருக்கிறது? சுருக்கமாகச் சொன்னால், நேரம். வேறு பெரிதாக ஒன்றும் இல்லை.

மக்களவை நிறைவேற்றிய ஒரு மசோதாவை மேலவை வேண்டாம் என்று தள்ளினாலும் அது செத்துப்போகாது. ஓர் ஆண்டு கழித்து, அடுத்த கூட்டத்தொடரில் மக்களவை அதை மீண்டும் நிறைவேற்றி அனுப்பலாம். அப்போதும் மேலவை மறுத்தால், மேலவையைத் தாண்டி மாமன்னரின் ஒப்புதலுக்குப் போய்விடும். வரவுசெலவுத் திட்டம் போன்ற நிதி மசோதாவாக இருந்தால் ஒரே மாதம்தான். இது அரசியலமைப்பின் 68-ஆவது பிரிவு. ஆக, மேலவையின் கையில் இருப்பது பிரேக் அல்ல, கடிகாரம். "இன்னும் கொஞ்சம் யோசித்துவிட்டு வாருங்கள்" என்று சொல்ல முடியும். நிறுத்த முடியாது.

அந்தக் கடிகாரத்தை 2018-இல் அவர்கள் எப்படி ஓட்டினார்கள் என்று பார்த்தால் இந்தச் சபையின் பலமும் பலவீனமும் ஒரே கதையில் தெரியும்.

அந்த ஆண்டு ஏப்ரல் 2-ஆம் தேதி பொய்ச் செய்தி எதிர்ப்பு மசோதா மக்களவையில் நிறைவேறியது. தீய நோக்கத்தோடு பொய்ச் செய்தியை உருவாக்கினாலோ பரப்பினாலோ 5 லட்சம் ரிங்கிட் வரை அபராதம், 6 ஆண்டு வரை சிறை. முதலில் 10 ஆண்டு என்று இருந்ததை மக்களவையில்தான் 6 ஆக்கினார்கள். வாட்ஸ்அப் குடும்பக் குழுக்களில் வருகிற போகிற எல்லாவற்றையும் தட்டிவிடும் நம் வீட்டுப் பெரியவர்களை நினைத்து அப்போது பலர் பயந்தார்கள். எது பொய் என்று யார் முடிவு செய்வார் என்ற கேள்விக்குத் தெளிவான பதில் இல்லை. சரி, நிதானமாக யோசிக்கத்தானே மேலவை? மறுநாள், ஏப்ரல் 3, மேலவையும் நிறைவேற்றிவிட்டது. ஒரே நாள்! ஏப்ரல் 7-இல் நாடாளுமன்றம் கலைந்தது. யூடியூபில் ஏற்றிய ஒரு காணொளிக்காக டென்மார்க் நாட்டவர் ஒருவர் அந்த மாதக் கடைசியிலேயே இந்தச் சட்டத்தின்கீழ் தண்டிக்கப்பட்டார்.

மே மாதம் ஆட்சி மாறியது. புதிய பக்காத்தான் ஹராப்பான் அரசாங்கம் அந்தச் சட்டத்தையே ரத்து செய்யும் மசோதாவைக் கொண்டுவந்து ஆகஸ்ட் 16-இல் மக்களவையில் நிறைவேற்றியது. செப்டம்பர் 12-இல் அது மேலவைக்கு வந்தது. அங்கே கணக்கு வேறு. நாடாளுமன்றம் கலைந்தாலும் செனட்டர் பதவி கலையாது. ஒவ்வொருவருக்கும் அவரவர் நியமன நாளிலிருந்து மூன்றாண்டு. மக்கள் மே மாதம் ஆட்சியை மாற்றிவிட்டார்கள், மேலவை மட்டும் பழைய பெரும்பான்மையோடு அப்படியே இருந்தது. வாக்கெடுப்பில் ரத்துக்கு ஆதரவாக 21, எதிராக 28, வாக்களிக்காமல் இருந்தவர்கள் 3. மசோதா தோற்றது. மக்களவை நிறைவேற்றிய மசோதாவை மேலவை இப்படித் தள்ளியது அதுவே முதல்முறை என்று பத்திரிகைகள் எழுதின.

அந்த இரண்டு முறையும் மேலவைத் தலைவராக இருந்தவர் டான்ஶ்ரீ எஸ்.ஏ. விக்னேஸ்வரன் என்பது நம் வாசகர்களுக்கு நினைவிருக்கும். 2016-இல் அந்தப் பொறுப்புக்கு வந்தவர், ரத்து மசோதா தோற்றபோது ம.இ.கா. தேசியத் தலைவராகவும் இருந்தார். அவருக்கு முன்பே 1990களில் ஜி. வடிவேலு மேலவைத் தலைவராக இருந்திருக்கிறார். தலைவர் நாற்காலி என்பது பலர் நினைப்பது போல் வெறும் அலங்காரப் பதவி அல்ல. யார் பேசலாம், எவ்வளவு நேரம், எந்தக் கேள்வி ஒழுங்குவிதிக்கு உட்பட்டது, எப்போது விவாதம் போதும் என்று வாக்கெடுப்புக்கு விடுவது எல்லாம் அவர் கையில். ஆனால் சாதாரண வாக்கெடுப்பில் அவருக்கு ஓட்டு இல்லை. இரு தரப்பும் சமமாக நின்றால் மட்டுமே அவர் வாக்களிப்பார்.

தோற்ற மசோதா என்ன ஆனது? ஓராண்டு காத்திருந்தார்கள். 2019 அக்டோபர் 9-இல் மக்களவை மீண்டும் நிறைவேற்றியது. டிசம்பரில் இந்த முறை மேலவையும் ஒப்புக்கொண்டது. 2020 தொடக்கத்தில்தான் ரத்து நடைமுறைக்கு வந்தது. ஒரு நாளில் ஏற்றிய சட்டத்தை இறக்க, முதல் முயற்சியிலிருந்து ஓராண்டுக்கு மேல் பிடித்தது. பிறகு 2021 மார்ச்சில், அவசரகாலத்தின்போது, கோவிட் பற்றிய பொய்ச் செய்திக்கு எதிரான விதிகள் அவசரச் சட்டமாகத் திரும்பி வந்தன. அப்போது இரண்டு அவையும் கூடவே இல்லை. விவாதம் சுழியம்.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்தச் சட்டம் எனக்குப் பிடிக்கவில்லை, ரத்தானது நல்லதே. ஆனால் 2018 செப்டம்பரில் மேலவை செய்ததில் முறைகேடு எதுவும் இல்லை. பொய்ச் செய்தியைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்று நினைத்தவர்கள் எழுந்து சொன்னார்கள், எண்ணினார்கள், ஜெயித்தார்கள். மக்களவையும் ஓராண்டு காத்திருந்தது. என் வருத்தமெல்லாம் ஏப்ரல் 3-ஆம் தேதியைப் பற்றித்தான். அதே கடிகாரம் அன்றும் அவர்கள் கையில் இருந்தது. அதைத் தொடக்கூட இல்லை.

ஏன் தொடுவதில்லை? இதற்குக் காரணம் செனட்டர்களின் சோம்பல் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். அன்றாட அலுவல் எப்படி நடக்கிறது என்று பார்த்தால்தான் விஷயம் புரியும்.

காலை பத்து மணிக்கு அவை கூடும். தலைவர் செங்கோல் முன்செல்ல உள்ளே வருவார், துஆ ஓதப்படும், புதிய உறுப்பினர் இருந்தால் உறுதிமொழி. அதன்பிறகு வாய்மொழிக் கேள்விகள். ஒவ்வொரு கேள்வியும் முன்கூட்டியே எழுதிக் கொடுக்கப்பட்டு, எண் போட்டு வரிசைப்படுத்தப்பட்டிருக்கும். அமைச்சரோ துணையமைச்சரோ எழுந்து பதில் படிப்பார், கேட்டவர் துணைக்கேள்வி போடுவார். நேரம் முடிந்தால் மீதிக் கேள்விகளுக்கு எழுத்தில்தான் பதில். பிறகு அரசாங்க அலுவல், அதாவது மசோதாக்கள். முதல் வாசிப்பில் தலைப்பை மட்டும் படிப்பார்கள். இரண்டாம் வாசிப்பில்தான் உண்மையான விவாதம். பிறகு முழு அவையும் ஒரு குழுவாகி ஒவ்வொரு பிரிவாகப் பார்க்கும். மூன்றாம் வாசிப்பு பெரும்பாலும் சடங்கு. மசோதாவைக் கொண்டுவரும் அமைச்சர் மக்களவை உறுப்பினராக இருந்தால் மேலவைக்கு வந்து பேசலாம், பதில் சொல்லலாம். ஓட்டுப் போட முடியாது.

சிக்கல் நாட்காட்டியில் இருக்கிறது. பெரும்பாலும் மக்களவை தன் கூட்டத்தை முடித்த பிறகுதான் மேலவை கூடும். மக்களவை பல வாரங்கள் உட்கார்ந்து முடித்த மசோதாக்கள் எல்லாம் ஒரே கட்டாக மேலவைக்கு வந்து சேரும். மேலவைக்குக் கிடைப்பதோ சில நாட்கள். இந்த நிலையில் ஒரு செனட்டர் நல்ல திருத்தம் ஒன்றைக் கொண்டுவருகிறார் என்று வையுங்கள். மேலவை அதை ஏற்றால் மசோதா மக்களவைக்குத் திரும்பப் போக வேண்டும். மக்களவைதான் வீட்டுக்குப் போய்விட்டதே! அடுத்த கூட்டம்வரை எல்லாம் நிற்கும். எந்த அரசாங்கமும் அதை விரும்பாது. அதனால் அமைச்சர் "உங்கள் கருத்தைக் குறித்துக்கொண்டோம், ஒழுங்குமுறைகளில் பார்த்துக்கொள்கிறோம்" என்பார். செனட்டரும் உட்கார்ந்துவிடுவார். வரவுசெலவுத் திட்டமும் இப்படித்தான்: அக்டோபரில் மக்களவையில் தாக்கல், மேலவைக்கு வந்து சேரும்போது டிசம்பர். மித்ரா ஒதுக்கீட்டைப் பற்றியும் தமிழ்ப்பள்ளிகளைப் பற்றியும் செனட்டர்கள் அங்கே நன்றாகப் பேசுவதுண்டு. ஆனால் ஒரு ரிங்கிட்டையும் அவர்களால் நகர்த்த முடியாது.

இரண்டு அவையும் ஒரே நேரத்தில், அல்லது சில வாரங்களாவது சேர்ந்து கூடினால் இதில் பாதி சரியாகிவிடும். அதற்கு அரசியலமைப்பைத் திருத்த வேண்டியதில்லை, நாட்காட்டியைத் திருத்தினால் போதும். நாடாளுமன்றம் தன் ஊழியர்களையும் பணத்தையும் தானே நிர்வகிக்க வகைசெய்யும் நாடாளுமன்றச் சேவைச் சட்டம் 2025-இல் மீண்டும் வந்திருக்கிறது; 1963-இல் இயற்றி 1992-இல் ரத்து செய்யப்பட்ட பழைய சட்டத்தின் மறுபிறவி. இனியாவது மேலவை தன் அட்டவணையைப் பற்றித் தானே வாய் திறக்கலாம்.

இவ்வளவு சொன்ன பிறகு, மேலவைக்குக் கடிகாரம் மட்டுமல்ல, உண்மையான பூட்டும் ஒன்று உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். அரசியலமைப்புத் திருத்தம். பெரும்பாலான திருத்தங்களுக்கு இரண்டு அவையிலும் மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். மேலவையில் 70 இடங்கள். அதாவது 47 ஓட்டு. இங்கே ஓராண்டுக் கணக்கு செல்லாது. 47 கிடைக்காவிட்டால் அவ்வளவுதான்.

2019 ஜூலை 16-இல் வாக்களிக்கும் வயதை 18 ஆக்கும் திருத்தம் மக்களவையில் நிறைவேறியது. ஜூலை 25-இல் மேலவை ஒப்புதல் தந்தது. ரத்து மசோதாவைத் தோற்கடித்த எதிர்க்கட்சிகள் அப்போதும் அங்கே பலமாகவே இருந்தன. இதில் இரு தரப்பும் ஒத்துப்போனதால் கதவு திறந்தது. அதன் பலனை நாட்டிலேயே முதலில் அனுபவித்தவர்கள் நாம்தான். 2022 மார்ச் 12 ஜொகூர் சட்டமன்றத் தேர்தலில்தான் 18 வயதுப் பிள்ளைகள் முதல்முறையாக வரிசையில் நின்றார்கள். (அதே திருத்தம் மக்களவை வேட்பாளர் வயதையும் 18 ஆக்கியது. செனட்டராக மட்டும் இன்றும் 30 வயது ஆக வேண்டும்.)

இன்னொன்று நம் மாநிலத்துக்கு மிக நெருக்கமானது. பாலத்தைத் தாண்டி சிங்கப்பூரில் வேலை, அங்கேயே வெளிநாட்டவரோடு திருமணம், அங்கேயே பிரசவம் என்று எத்தனை ஜொகூர்ப் பெண்கள்! அப்பா மலேசியராக இருந்தால் பிள்ளை இயல்பாக மலேசியர். அம்மா மட்டும் மலேசியர் என்றால் விண்ணப்பம், காத்திருப்பு, நிராகரிப்பு. தாய்க்கும் அதே உரிமை தரும் திருத்தத்தை மக்களவை 2024 அக்டோபர் 17-இல் நிறைவேற்றியது, டிசம்பரில் மேலவை. அங்கே அந்த 47 ஓட்டில் ஜொகூர் அனுப்பிய இரண்டு ஓட்டுக்கும் இடம் உண்டு. ஆறுதல் பரிசு என்று சொல்லிவிட்டுப் போகும் விஷயமா இது?

அந்த இரண்டு பேர் எப்படி வருகிறார்கள்? கோத்தா இஸ்கண்டாரில் உள்ள சுல்தான் இஸ்மாயில் கட்டடத்தில் சட்டமன்றம் கூடியிருக்கும் ஒரு நாளில் ஒருவர் பெயரை முன்மொழிவார், இன்னொருவர் வழிமொழிவார். பெரும்பான்மை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் முடிவாகும். மறுநாள் பத்திரிகையில் உள்பக்கத்தில் சின்னச் செய்தி. பதவி மூன்றாண்டு, வாழ்நாளில் அதிகபட்சம் இரண்டு தவணை. தொகுதி கிடையாது, சேவை மையம் கிடையாது. அதனால்தான் நமக்கு முகம் தெரிவதில்லை.

தொடக்கத்தில் இந்தச் சபை இப்படி இருக்க நினைக்கப்படவில்லை. 1959-இல் மேலவை முதலில் கூடியபோது 11 மாநிலங்கள் தலா இருவரை அனுப்பின; 22 பேர். மாமன்னர் நியமித்தவர்கள் 16 பேர். மாநிலங்களின் குரல்தான் பெரிது. முதல் தலைவர் அப்துல் ரஹ்மான் முகமது யாசின் ஜொகூர்க்காரர், துன் டாக்டர் இஸ்மாயிலின் தந்தை. அடுத்து வந்த முகமது நோவா ஓமாரும் ஜொகூர்க்காரர். மலேசியா உருவான பிறகு நியமன இடங்கள் ஏறிக்கொண்டே போயின. 1964-இல் 32, பிறகு 40. கூட்டரசுப் பிரதேசங்களுக்கான 4 இடங்களும் நியமனமே. இன்று மாநிலங்களின் 26-க்கு எதிரே நியமனம் 44. மாநிலங்களின் அவை மெல்ல மத்திய அரசாங்கத்தின் அவையாகிவிட்டது.

நியமனம் எல்லாமே கெட்டது என்று நான் சொல்லவில்லை. யாரை நியமிக்கலாம் என்று அரசியலமைப்பு ஒரு பட்டியல் தருகிறது: பொதுச்சேவையில் சிறந்தவர், தொழில், வணிகம், விவசாயம், கலாசாரம் ஆகியவற்றில் பெயர் எடுத்தவர், சிறுபான்மை இனங்களின் பிரதிநிதி, பூர்வகுடி மக்களின் நலனைப் பேசக்கூடியவர். சிறுபான்மை இனம் என்ற சொல் அங்கே எழுத்தில் இருப்பது நமக்குப் பெரிய விஷயம். ஜொகூரில் 2022-இல் ம.இ.கா. மூன்று சட்டமன்ற இடங்களை வென்றது. நாடெங்கும் எந்தத் தொகுதியிலும் நாம் பெரும்பான்மை இல்லை. அப்படிப்பட்ட சமூகத்துக்கு மேலவை ஒரு வாசல். ஆனால் அந்தப் பட்டியலைக் கட்சிப் பதவிப் பட்டியலாக வாசிக்கும் பழக்கம் வந்துவிட்டது. ஒரு தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர், தோட்டப்புற மருத்துவர், தொழிற்சங்கத்தில் முப்பது வருடம் உழைத்தவர்... இவர்களும் அந்தப் பட்டியலுக்குள் வருகிறவர்கள்தானே?

மேலவையே தேவையா என்று கேட்பவர்களும் உண்டு. தமிழ்நாட்டில் எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1986-இல் சட்ட மேலவையைக் கலைத்தார்கள். அதன்பிறகு திரும்பக் கொண்டுவரப் பேச்சு நடந்ததே தவிர, மேலவை வரவில்லை. நம் நாட்டில் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. அரசியலமைப்பின் 45-ஆவது பிரிவின் கடைசி உட்பிரிவை ஒருமுறை படித்துப் பாருங்கள். நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றி மாநிலத்துக்கு இரண்டு என்பதை மூன்றாக்கலாம், அந்த மாநில வாக்காளர்களே அவர்களை நேரடியாகத் தேர்ந்தெடுக்க வைக்கலாம், நியமன உறுப்பினர்களைக் குறைக்கலாம் அல்லது அடியோடு எடுத்துவிடலாம். வழி அப்போதே எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. எந்த அரசாங்கமும் அதை எடுக்கவில்லை. ஆளும்போது யாருக்கும் 44 நியமன இடங்களை விட மனம் வருவதில்லை என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

அதுவரை இருக்கிற செனட்டரிடம்தான் வேலை வாங்க வேண்டும். அவருக்குத் தொகுதி இல்லை என்பது நமக்கு ஒரு வசதியும்கூட: மூவார்க்காரர் கேட்டாலும் கூலாய்க்காரர் கேட்டாலும் "என் தொகுதி இல்லை" என்று சொல்ல முடியாது. பாலத்து நெரிசலோ, தமிழ்ப்பள்ளி இடமாற்றமோ, பிள்ளையின் குடியுரிமை விண்ணப்பமோ, விஷயத்தை அரைப் பக்கத்தில், தேதிகளோடு, மலாய் மொழியில் எழுதி அனுப்புங்கள். கூட்டம் தொடங்குவதற்குப் பல நாட்கள் முன்பே கேள்விகளைக் கொடுத்தாக வேண்டும் என்பதால் சீக்கிரம் அனுப்புங்கள். அவர் அதைக் கேள்வியாகப் போட்டால் அமைச்சு பதில் சொல்லியே ஆக வேண்டும். பதில் ஹன்சார்டில் ஏறும். நாடாளுமன்ற இணையத்தளத்தில் யாரும் எடுத்துப் படிக்கலாம். கேள்வியே போடவில்லை என்றால், அதுவும் அதே இடத்தில் தெரிந்துவிடும்.